பழைய மோதிரத்துப் பச்சைக் கல் மரகதமா, டூர்மலினா? வீட்டிலேயே பார்க்கும் வழி

எங்கள் நீலகிரிப் பக்கம் பழைய வீடுகளில் பீரோ லாக்கரைத் திறந்தால், தோட்டத்துத் துரைமார் காலத்து மோதிரம் ஒன்று சிலரிடம் இன்னும் இருக்கும். கல் பச்சையாக இருந்தால் மரகதம், சிவப்பாக இருந்தால் கெம்பு என்று சொல்லிச் சொல்லியே இரண்டு தலைமுறை ஓடியிருக்கும். அதில் சில, பல நிறங்களில் கிடைக்கும் டூர்மலின் என்ற வேறொரு கல்லாகவும் இருக்கலாம்.

குன்னூரில் எங்கள் அத்தையிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான். நீளச் சதுரமாகப் பட்டை தீட்டிய கரும்பச்சைக் கல். ஒரு நகைக்கடையில் வைரம் சோதிக்கும் பேனாவைக் கல்லின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "வைரம் இல்லம்மா, அப்போ மரகதம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேனா, கல் வழியாகச் சூடு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். வைரம் இல்லை என்பது வரைக்கும் சரி. மிச்சமிருக்கும் நூறு கற்களில் எது என்று அதற்குத் தெரியாது.

குழப்பம் நம் ஊரில் மட்டும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் கிடைத்த பச்சை டூர்மலினைப் போர்ச்சுகீசியர்கள் மரகதம் என்றே நினைத்தார்கள். 1777இல் ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்டாவ் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு மாணிக்கம் என்று பரிசளித்த பெரிய சிவப்புக் கல்லும் பின்னாளில் ரூபெல்லைட், அதாவது சிவப்பு டூர்மலின் என்று தெரிந்தது. அரண்மனைக்கே அந்தக் கதி.

சரி, வேலைக்கு வருவோம்.

என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகை லென்ஸ். 'டிரிப்லெட்' என்று கேட்டு வாங்குங்கள். மூன்று கண்ணாடி சேர்த்துச் செய்தது. ஓரத்தில் நிறம் பிரியாது. ஆன்லைனில் 30, 60 மடங்கு என்று எல்இடி விளக்கோடு மலிவாக வருவதை வாங்காதீர்கள். அதில் கல் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் கழுத்து வலித்துவிடும்.

அடுத்தது ஒரு லேப்டாப். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஒரு சின்ன வெள்ளை டார்ச்சும் வேண்டும். அவ்வளவுதான்.

மரகத வடிகட்டி என்று ஒன்று விற்கிறார்கள், செல்சி ஃபில்டர். அதில் பார்த்தால் மரகதம் சிவப்பாகத் தெரியும் என்பார்கள். குரோமியம் கலந்த பச்சை டூர்மலினும் சிவப்பாகத்தான் தெரியும், சில மரகதங்கள் சிவப்பாகத் தெரியவே தெரியாது. இந்த வேலைக்கு அதற்காகச் செலவழிக்க வேண்டாம் என்பேன். கீறிப் பார்க்கும் சோதனையைப் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள்.

படி 1: மோதிரத்தைத் திருப்பிப் பாருங்கள்

கழுவுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கிறதா, தங்கத்தால் மூடியிருக்கிறதா? மூடியிருந்தால் தண்ணீரில் போடக் கூடாது. பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு வைத்து அடைத்திருப்பார்கள். ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல்லே செத்த மாதிரி ஆகிவிடும். அதை ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்தால் போதும். திறந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ்.

வளையத்தின் உள்பக்கத்தையும் லென்ஸில் பார்த்துவிடுங்கள். '15' என்றும் '.625' என்றும் சேர்ந்து முத்திரை இருந்தால் அது 15 கேரட் பிரிட்டிஷ் தங்கம். அந்தத் தரத்துக்கு அங்கே 1854 முதல் 1932 வரைதான் முத்திரை குத்தினார்கள். கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். இது தங்கத்தின் வயது மட்டும்தான். கல் நடுவில் மாறியிருக்கலாம்.

படி 2: லென்ஸில் இரட்டைக் கோடு

பலர் தடுமாறுகிற இடம் இதுதான். புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், 'பின்பட்டைகள் இரட்டையாகத் தெரியும்' என்று. முதலில் பார்க்கிறவருக்கு எல்லாமே இரட்டையாகத்தான் தெரியும், இல்லாவிட்டால் எதுவுமே தெரியாது.

டூர்மலினுக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரிகிறது. இரண்டுக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வித்தியாசம் சுமார் 0.018 முதல் 0.020 வரை. மரகதத்தில் அது 0.005 முதல் 0.009 வரைதான். அதனால் டூர்மலினில், கல்லின் மேல்முகம் வழியாக அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்பைப் பார்த்தால், ஒரு விளிம்பு இரண்டு இணைகோடுகளாகத் தெரியும். மரகதத்தில் ஒற்றைக் கோடுதான்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வையுங்கள். மோதிரத்தை லென்ஸுக்கு ஓர் அங்குலம் தள்ளி, இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டபடி பிடியுங்கள், நடுக்கம் நின்றுவிடும். முதலில் கல்லின் மேல்முகத்தில் உள்ள தூசியோ கீறலோ தெளிவாகத் தெரியும். அங்கே நிற்காதீர்கள். மோதிரத்தை மெல்ல லென்ஸை நோக்கிக் கொண்டு வாருங்கள். பார்வை கல்லுக்குள்ளே இறங்கும், தூசி மங்கும், அடியில் பட்டைகள் சேரும் விளிம்புகள் கூர்மையாகும். பார்க்க வேண்டிய இடம் அதுதான். மேலே மினுங்கும் பிரதிபலிப்பைப் பார்த்து இரட்டை என்று நினைத்துவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் மோதிரத்தை இலேசாக அசையுங்கள். பிரதிபலிப்பு சட்டென்று தாவி ஓடும். உண்மையான இரட்டைக் கோடு சேர்ந்தே நகரும்.

இரட்டையாகத் தெரியவில்லை என்றால் உடனே மரகதம் என்று முடிவு கட்டவும் கூடாது. டூர்மலின் படிகத்திலும் ஒளி பிரியாத திசை ஒன்று உண்டு. தற்செயலாக அந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருந்தால் டூர்மலினும் ஒற்றைக் கோடுதான் காட்டும். கல்லைச் சாய்த்துச் சாய்த்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பாருங்கள். மிகச் சின்னக் கல்லில் ஒளி பிரிய ஆழமே போதாது, அங்கே இந்தச் சோதனை உதவாது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை மலையில் நமக்கு ஒரு வசதி. மூடிய வானம் கல் பார்க்க அருமையான வெளிச்சம். சுள்ளென்ற வெயிலில் பட்டைகள் கண்ணைக் கூசும். மேகம் கவிந்த காலையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், டார்ச் அப்புறம்.

படி 3: லேப்டாப் திரையில் சுழற்றுங்கள்

திரை முழுக்க வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். சாதாரண எல்சிடி திரையில் இருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது, அதாவது முனைவாக்கம் பெற்றது. டூர்மலின் அதன் ஒரு திசையில் அதிரும் ஒளியை நன்றாக விழுங்கிவிடும், மற்ற திசையில் வருவதை விட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டு ஆய்வகங்களில் முனைவாக்கத்தைப் பார்ப்பதற்கே டூர்மலின் துண்டுகள் பொருத்திய இடுக்கியும் வைத்திருந்தார்கள்.

கல்லின் முகம் திரையைப் பார்க்க, அரை அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். அடிப்பக்கத் திறப்பு வழியாக நீங்கள் பார்க்க வேண்டும். இப்போது மோதிரத்தை அதே தளத்தில், கடிகார முள் போலச் சுழற்றுங்கள். கால் சுற்றுக்குக் கால் சுற்று கல் இருண்டு, வெளுத்து, மறுபடி இருண்டால் அது டூர்மலின் பக்கம் பலமான சாட்சி. அத்தையின் கல் ஒரு நிலையில் நல்ல புல் பச்சையாகவும், கால் சுற்று திருப்பியதும் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் போனது. மரகதத்தில் நீலப் பச்சை, மஞ்சள் பச்சை என்று இலேசான மாற்றம்தான் தெரியும். கண்ணாடிக் கல் எத்தனை சுற்று சுற்றினாலும் அசையாது.

படி 2, படி 3 இரண்டும் ஒத்துவர வேண்டும். இரட்டைக் கோடு மட்டும் பார்த்தால் பெரிடாட் என்ற இன்னொரு பச்சைக் கல் ஏமாற்றும். அதில் பிரிவு இன்னும் அதிகம், சுமார் 0.036. ஆனால் திரையில் சுழற்றும்போது நிறம் பெரிதாக மாறாது. கார்னெட் என்ற கல் இரண்டிலுமே மௌனம், இரட்டைக் கோடும் வராது, நிறமும் மாறாது. வெளிர் நிறக் கல்லாக இருந்தால் படி 3இல் மாற்றம் மிக மெல்லியதாகத்தான் இருக்கும், அங்கே லென்ஸையே நம்புங்கள்.

சாம்பல் சோதனை வேண்டாம்

இணையத்தில் தேடினால் முதலில் வருவது இது. கல்லைச் சூடாக்கினால் அது சாம்பலையும் தூசியையும் இழுக்கும். உண்மைதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோன டூர்மலினில் இதைக் கவனித்தார்கள். சூட்டில் கல்லின் இரு முனைகளிலும் மின்னூட்டம் சேர்வதுதான் காரணம் என்று 1756இல் ஏப்பினஸ் என்ற இயற்பியலாளர் விளக்கினார். கடை ஷோகேஸில் விளக்குச் சூட்டில் இருக்கும் டூர்மலினில் தூசி படிவதும் இதனால்தான்.

ஆனால் குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனிக்கு நடுவே இதைச் செய்தால் ஒரு துகள்கூட அசையாது. காற்றின் ஈரத்தில் மின்னூட்டம் கசிந்து போய்விடும். சாம்பல் ஒட்டவில்லை என்பதால் டூர்மலின் இல்லை என்றாகாது. அதைவிட முக்கியம், உள்ளே நீர்த்துளி அடைபட்ட கல் சூட்டில் விரிசல் விட்டுவிடும். பாட்டி மோதிரத்தை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கல் கழன்று கையில் இருந்தால்

அப்போது எடை போட்டே தெரிந்துகொள்ளலாம். 0.001 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். காற்றில் எடை, பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கடித்து எடை. காற்றில் 0.918 கிராம், தண்ணீரில் 0.618 கிராம் என்றால் வித்தியாசம் 0.300. 0.918ஐ அதால் வகுத்தால் 3.06, டூர்மலின். மரகதம் 2.72 பக்கம் வரும்.

ஊட்டிக் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் காற்று நிறையக் கரைந்திருக்கும். சமையலறைச் சூட்டில் அது பொடிப்பொடிக் குமிழியாகக் கல்லின்மேல் ஒட்டி, கல்லைத் தூக்கிப் பிடித்துக் கணக்கைக் குறைத்துவிடும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் சரியாகும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

இப்போதைய மோதிரங்களில் டூர்மலினை விரும்புவதற்குக் காரணம் அதன் நிறங்கள். ஒரே படிகத்தில் ஒரு முனை இளஞ்சிவப்பு, மறுமுனை பச்சை. நடுவில் சிவப்பு, சுற்றிலும் பச்சை என்று குறுக்கே சீவிய தர்பூசணித் துண்டு. படிகமே நீளவாக்கில் வளர்வதால் கல்லும் நீளமாகக் கிடைக்கிறது, அதை விரலுக்குக் குறுக்கே படுக்கவைத்துக் கட்டுகிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான். அதிலும் சுற்றிலும் தங்க விளிம்பு வைத்துக் கட்டியதற்கு. கொக்கி வைத்தது ஸ்வெட்டர் நூலில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

மின்னல் நீலத்தில் பராய்பா என்று சொன்னால் ஆய்வகச் சான்று இல்லாமல் காசை எடுக்காதீர்கள். 1980களின் இறுதியில் பிரேசிலின் பராய்பா மாநிலத்தில் கிடைத்தது, தாமிரம் கலந்ததால் அந்த நிறம். பின்னர் நைஜீரியா, மொசாம்பிக்கிலும் கிடைத்தது. 'ஆய்வகத்தில் வளர்த்த டூர்மலின்' என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள். அப்படி ஒன்று நகைச் சந்தைக்கு வந்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பெயர் வைத்திருப்பார்கள்.

பின்சேர்க்கை

இதைப் போட்ட பிறகு வந்த கருத்துகளில் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வந்தது: படி 3 வேலை செய்யவில்லை என்று. ஒருவர் திரையில் கீறல் விழும் என்று பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தார், இன்னொருவர் டிஷ்யூ. இரண்டுமே ஒளியின் தளத்தைக் கலைத்துவிடும், எடுத்துவிடுங்கள். போனில் பார்த்தவர்களுக்கும் இதுதான் பிரச்சினை. சில போன் திரைகளில் கூடுதலாக ஒரு படலம் இருப்பதால் ஒளி சுழன்று வருகிறது. அந்த போனைத் தவிர்த்து சாதாரண லேப்டாப்பில் பாருங்கள். போலராய்டு கூலிங்கிளாஸ் இருந்தால், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கல்லைப் பிடித்துக் கண்ணாடியைச் சுழற்றினாலும் ஆயிற்று.

கொடைக்கானலில் இருந்து ஒருவர், மோதிரத்தின் அளவைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக. பத்தரிடம் கொடுக்கும்போது மட்டும், பொடி வைத்து ஊதுவதற்கு, அதாவது நெருப்பில் பற்றவைப்பதற்கு முன் கல்லைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். முடிந்தபின் சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக் இயந்திரம், நீராவி எதிலும் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 1 முதல் 10 வரை உள்ள மோஸ் அளவில் கெட்டித்தன்மை 7 முதல் 7.5 வரை உள்ள கல், தினசரிப் போட்டுக்கொள்ளலாம். தோட்டத்து மண் வேலைக்கும், உறைபனிக் காலையில் கொதிக்கிற தண்ணீரில் கை வைப்பதற்கும் முன்னால் கழற்றி வையுங்கள். நகை வேலைக்குக் கோவை ராஜ வீதிப் பக்கம் போகிறவர்கள் கல்லைக் கழற்றும்போது கூடவே நின்று, அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்துவிட்டு வாருங்கள். மூடிய அடைப்பாக இருந்தால் உள்ளே என்ன தகடு இருந்தது என்று எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.