கூகுளில் யூத வெறுப்பைக் கண்டால்
2016 டிசம்பரில் 'ஹோலோகாஸ்ட் நடந்ததா?' என்று ஆங்கிலத்தில் கூகுளில் தேடியவர்களுக்கு முதலில் வந்தது, அது நடக்கவே இல்லை என்று சாதிக்கும் நவநாஜி தளம். நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற வரலாற்றுக்கு இந்தக் கதி!

இப்படி எதையாவது பார்த்தால், கண்டிப்பதற்காகக்கூட அந்த லிங்கைப் பகிராதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து போகும் லிங்க், கூகுளின் தேடல் வரிசையில் அந்தத் தளத்துக்குத்தான் வலு சேர்க்கும். ஸ்கிரீன்ஷாட் போதும். லிங்க் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அதில் 'நோஃபாலோ' (nofollow) சேர்த்துவிடுங்கள்; இந்த லிங்கைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு அது. அதைவிட முக்கியம், ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம், வாஷிங்டனின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் போன்ற நம்பகமான தளங்களுக்கு லிங்க் கொடுப்பது. வரலாறு எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

தட்டச்சு செய்யும்போதே கீழே விழும் பரிந்துரைகளில் வெறுப்பு தெரிந்தால், அந்தப் பட்டியலின் அடியிலேயே புகார் செய்யலாம்.