தறப்பாள் கொட்டில் போடேக்க முதல் நிலத்தப் பாருங்கோ

மாரிக்க வீடில்லாம நிக்கிற சனத்துக்குக் கொட்டில் போட்டுக் குடுக்க வெளிக்கிடுற பிள்ளையள் முதல் தறப்பாளத்தான் தேடினம், ஆனா முதல் பாக்கவேண்டியது நிலம். 2018 மார்கழியில இரணமடுக் குளத்து வான்கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவில வெள்ளம் வந்தது உங்களுக்கும் ஞாபகமிருக்கும், அதால தண்ணி எதுவரைக்கும் ஏறும் எண்டு அந்த ஊர்ப் பெரியாக்களிட்டக் கேட்டுட்டு மேட்டுக்காணியாப் பிடியுங்கோ. பத்தைக்காணி எண்டா கண்ணிவெடி எடுத்து முடிஞ்ச இடமோ எண்டு கிராம சேவையாளரிட்டக் கேக்காம அலவாங்கு போடவே வேண்டாம், மண்டையோட்டுப் பலகை கண்டா திரும்பி வந்திடுங்கோ.

4க்கு 6 மீற்றர் தறப்பாள் ஒண்டில அஞ்சு பேர் படுக்கலாம், ஒராளுக்கு மூண்டரைச் சதுர மீற்றர் கணக்கு. ரெண்டு கப்பையும் (தூண் தடி) ரெண்டடி தாட்டு, நிலத்திலயிருந்து ஆறரை அடியில முகட்டு வளைத் தடியக் குறுக்க கட்டி, 6 மீற்றர் நீளப்பக்கம் ரெண்டு பக்கமும் சரியிற மாதிரிப் போடுங்கோ. சரிவு காணாட்டி மழைத்தண்ணி தேங்கி தறப்பாள் தொங்கி கடைசியில கிழியும். தறப்பாள் மூலையில கயிறு கட்டுற ஓட்டை கிழிஞ்சு போச்செண்டா அந்த மூலையில சின்னக் கல்லொண்ட உள்ளுக்க வச்சுச் சுத்திக் கயித்தால இறுக்குங்கோ, காத்துக்கு அது நிக்கும்.

சுத்திவர அரையடி வாய்க்கால் வெட்டி பள்ளப் பக்கமா வெளிய விடவேணும், பக்கத்துக் கொட்டிலுக்க இல்ல. உள்ளுக்க மண் போட்டு இடிச்சு அரையடி உயத்தி, உரப்பைக்கு மணல் நிரப்பி ஓரத்துக்கு அடுக்குங்கோ. வெறும் நிலத்தில மட்டும் ஒருத்தரையும் படுக்க விடாதேங்கோ, கட்டுவிரியன் பாம்பு நித்திரை கொள்ளுற ஆக்களைத்தான் கூடக் கடிக்கும், கடிச்சது பெரிசா நோகாம விடிய வரைக்கும் தெரியாமலே போயிடலாம், அதால தடியால ஒரு பரண் கட்டி நுளம்பு வலையப் பாய்க்குக் கீழ செருகிவிடுங்கோ. ஆரும் கடிபட்டா நேர ஆஸ்பத்திரிக்குத்தான்.

அடுப்பு வெளியில, தள்ளித்தான். கிடுகு மேல போட்டா வெக்கை குறையும் உண்மைதான், ஆனா ஒரு பொறி காணும், அதால கொட்டிலுக்குக் கொட்டில் ஆகக்குறைஞ்சது 2 மீற்றர் விடுங்கோ, குப்பிவிளக்கு வேண்டாம், டோர்ச் குடுங்கோ. கக்கூஸ் கிணத்திலயிருந்து 30 மீற்றர் தள்ளி, பொம்பிளையளுக்கு வேறயா, உள்ளுக்குப் பூட்டுற கொண்டியோட, போற வழிக்கு வெளிச்சத்தோட இருக்கவேணும், இல்லாட்டி இரவில போகப் பயந்து தண்ணியே குடியாம இருப்பினம்.

வாசல் எந்தப் பக்கம் வேணும் எண்டு இருக்கப்போற ஆக்களிட்டயே கேளுங்கோ. பெருங்காத்து எச்சரிக்கை வந்தா கொட்டிலுக்க ஒருத்தரையும் வச்சிருக்காம பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர இலக்கம் 117.