பெங்களூரு வீட்டுப் பலா: பூவைப் பிஞ்சென்று நினைப்பதில் தொடங்கும் தவறுகள்

ஜனவரி பிறந்துவிட்டால் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரே புலம்பல்தான். "இந்த வருஷம் பிஞ்சு நல்லா வெச்சுதுங்க, எல்லாம் கறுத்துக் கொட்டிப்போச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?" கேட்ட இடத்தில் யாராவது ஒரு பூஞ்சைக்கொல்லி டப்பாவைக் கையில் திணித்து அனுப்புவார்கள். பெரும்பாலும் அந்தப் பணம் வீண். கீழே கிடப்பது பிஞ்சே இல்லை. அது ஆண் பூங்கொத்து. மகரந்தத்தைக் கொடுத்து முடித்துவிட்டது, விழுகிறது.

பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனிக் கொத்துகளாக வரும். இரண்டும் முதலில் ஒரு பச்சை உறைக்குள் மூடியே இருக்கும். உறை பிரிந்து வெளியே வரும்போது இரண்டுமே விரல் பருமனில், பச்சையாக, குட்டிப் பலாக்காய் மாதிரியே தெரியும். ஏமாறுவது இங்கேதான். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆண் கொத்தின் காம்பு மெல்லியது. மேற்பரப்பு ஓரளவு வழவழப்பு. நாலைந்து நாளில் மேலே மஞ்சள் பொடி படியும், இலேசான இனிப்பு வாசனையும் வரும். உச்சியில் உள்ள மெல்லிய கிளைகளிலும் இவற்றைப் பார்க்கலாம். பெண் கொத்தின் காம்பு தடித்தது. காம்பு சேரும் இடத்தில் பச்சை வளையம் ஒன்று தெளிவாக இருக்கும். மேற்பரப்பு சொரசொரவென்று, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மயிரிழை போன்ற சூல்முடி நீட்டிக்கொண்டிருக்கும். அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும்தான் இது அதிகம்.

எண்ணிக்கையில் ஆண் கொத்துகளே மிக அதிகம். ஆகவே விழுவதும் அதுவாகத்தான் இருக்கும். விழுவதற்கு முன் சாம்பலும் கறுப்புமாகப் பூஞ்சை படர்வதைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். ரைசோபஸ் என்ற இந்தப் பூஞ்சை இனம், பழைய பிரெட்டில் வரும் பூஞ்சைக்கு உறவு. மகரந்தம் தீர்ந்த ஆண் கொத்தில் அது வளர்வது மரத்துக்கு நோய் இல்லை. தடித்த காம்பும் வளையமும் உள்ள பெண் பிஞ்சே கறுத்து மென்மையாகிறதா? அப்போது மட்டும் கவலைப்படலாம். அழுகியதை அகற்றிவிட்டு, மற்றப் பிஞ்சுகளில் நீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கண்டபடி மருந்தடிப்பதில் இன்னொரு கெடுதல் உண்டு. பலாவுக்கு மகரந்தம் கடத்துவது காற்றுதான் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, கொசுவைவிடச் சிறிய ஓர் ஈ இந்த வேலையைச் செய்வதைக் காட்டியது. அதுவரை பெயரே இல்லாத இனம் அது. அதற்கும் முன், பலாவின் நெருங்கிய உறவான செம்படாக் என்ற மரத்தை போர்னியோ காட்டில் ஆராய்ந்தவர்கள் 2000-இலேயே ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அங்கே ஆண் கொத்தில் வளரும் பூஞ்சையைத் தின்னவே அந்தக் குட்டி ஈக்கள் வருகின்றன. தின்ன வந்த இடத்தில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு, பெண் கொத்துக்கும் போகின்றன. நம் வீட்டு மரத்தில் நாம் அருவருப்போடு கழுவித் தள்ளும் கறுப்புக் கொத்தைப் பற்றி இனியாவது கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அத்திப் பூவைக் கண்டவர் இல்லை என்பார்கள். பலாப் பூவைக் கண்டும் பூவென்று தெரியாதவர்கள்தான் நம்மில் அதிகம். இரண்டும் ஒரே குடும்பம். ஆலும் முசுக்கொட்டையும் அதே குடும்பம்தான். அத்தியில் பூக்கள் உள்பக்கம் சுருண்டு கிடக்கின்றன, பலாவில் வெளிப்பக்கம் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன.

இங்கிருந்துதான் அடுத்த தவறு முளைக்கிறது. பலாப்பழத்தை ஒரே பழம் என்று நினைக்கிறோம். ஒரு பிஞ்சைக் குறுக்கே நறுக்கி, பால் கசிவதைத் துணியால் ஒற்றிவிட்டுப் பாருங்கள். நடுவே தண்டு. அதிலிருந்து சுற்றிலும் நூற்றுக்கணக்கான குழல்கள் வெளிப்பக்கமாகப் போய், ஒவ்வொன்றும் ஒரு முள்ளில் முடியும். ஒரு முள் என்றால் ஒரு பூ. அந்தப் பூ கருவுற்றால் அதன் இதழுறை பருத்துச் சதைபிடித்துச் சுளையாகிறது. கருவுறாமல் போனால் அதே இதழுறை மெலிந்து சடையாக நின்றுவிடுகிறது. நாம் பிய்த்து எறியும் சடை எல்லாம் ஏமாந்துபோன பூக்கள். தாவரவியல் கணக்கில் உண்மையான கனி எதுவென்றால், சுளைக்குள் கொட்டையைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைதான். சுளை வெறும் பூவுறுப்பு.

இது தெரிந்தால் பல குற்றச்சாட்டுகள் காணாமல் போகும். "எங்க மரத்துப் பழத்தில் சடைதான், சுளையே இல்லை. ஜாதி சரியில்லை" என்று மரத்தையே வெட்டப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் குழிந்து கோணலாக வளரும் காயைப் பார்த்துப் பூச்சி விழுந்துவிட்டது என்பவர்களும் உண்டு. பல நேரங்களில் இரண்டுக்கும் காரணம் மகரந்தம் போதாமைதான். குழிந்த பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி, தெருவுக்கு ஒற்றைப் பலாவாக நிற்கும் இடங்களில் இது நடக்கத்தான் செய்யும். கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் நாமே உதவலாம். மஞ்சள் பொடி படிந்த ஆண் கொத்தைப் பறித்து, சூல்முடி நீட்டியிருக்கும் பெண் கொத்தின் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். காலை வேளையில், இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுச் செய்தால் போதும். பழுத்த பிறகு அறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

தோட்டக்காரர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. அதை நாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். அடிமரத்தில் அங்கங்கே நாலு இலையோடு குட்டையான தளிர்க் கொம்புகள் முளைக்கும். "கீழெல்லாம் க்ளீன் பண்ணிட்டேன் சார்" என்று அவர் அத்தனையையும் அரிவாளால் சீவிவிட்டுப் போவார். அந்தக் குட்டைக் கொம்பில்தான் பெண் பூ வரவேண்டும். பலா மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரம். முப்பது நாற்பது கிலோ வரைகூடப் பருக்கும் காயை மெல்லிய கிளை தாங்காது, அதனால் அடிமரத்திலேயே பூப்பது இதன் வழக்கம். காட்டில் யானைக்கும் கரடிக்கும் எட்டுவதும் அங்கேதான். சுத்தம் பார்த்து அடிமரத்தை மொட்டையடித்தால் அடுத்த பருவத்துக் காயும் அதோடு போகும். கொம்பு எது, வீண் போத்து எது என்று சந்தேகமாக இருந்தால், நீளமாக நேரே மேலே ஓடுவதை மட்டும் எடுத்துவிட்டுக் குட்டையானதை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

காய்க்காத மரத்துக்குச் செருப்புக் கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். மரத்துக்கு அதனால் தீங்கில்லை. ஆணி அடிப்பதும் பட்டையை வெட்டுவதும் அப்படி இல்லை. அந்தக் காயத்தின் வழியே துளைப்பான் புழுவும் அழுகலும் உள்ளே புகும்.

கொட்டை போட்டு வளர்ப்பவர்கள் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். ஊரிலிருந்து வந்த பண்ருட்டிப் பழம் தேனாக இருந்ததென்று கொட்டையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, டப்பியில் போட்டு, மழைக்காலத்தில் விதைக்கிறார்கள். முளைக்காது. ஈரம் குறையாத காட்டில் விழுந்த உடனே முளைக்கப் பழகிய விதை இது. நெல், கேழ்வரகு போல உலர்ந்து காத்திருக்கத் தெரியாது. காய்ந்தால் உயிர் போய்விடும், ஃப்ரிட்ஜிலும் தாங்காது. சுளையிலிருந்து எடுத்த ஓரிரு நாளில் மண்ணுக்குள் போய்விட வேண்டும். பலாவின் ஆணிவேர் சீக்கிரமாக ஆழம் தேடும், அதனால் சின்னத் தொட்டியில் வைத்து வேரைச் சுருள விடக் கூடாது. முளைத்த கன்றின் இலை சில நேரம் இரண்டு மூன்று மடலாகப் பிளந்திருக்கும். "பலான்னு சொல்லிக் கறிப்பலாவைக் கொடுத்துட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். இளங்கன்றில் அப்படி வருவது இயல்பு, வளர வளர முழு இலையாகிவிடும்.

அப்புறம், தேனான பழத்தின் கொட்டை தேனான மரமாகும் என்ற உறுதி கிடையாது. அந்தக் கொட்டைக்குத் தந்தை எந்த மரமோ யாருக்குத் தெரியும்? கெட்டிச் சுளை உள்ள வருக்கையின் விதையில், சுளை குழைந்துபோகும் கூழைப்பலா வரலாம். காய்ப்பதற்கு 6, 7 ஆண்டு காத்திருந்து அதைக் கண்டுபிடிப்பதைவிட ஒட்டுக்கன்று வாங்குவது நல்லது. அது 3, 4 ஆண்டில் காய்க்கத் தொடங்கும். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பிரபலமாக்கிய 'சித்து' என்ற செஞ்சுளைப் பலா, தும்கூர் மாவட்டத்து விவசாயி ஒருவரின் மரத்திலிருந்து வந்தது. காய் இரண்டரை கிலோ அளவுதான், நாலு பேர் உள்ள குடும்பத்துக்குத் தோது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பெங்களூருவில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை பெயருக்குத்தான். பலா பூத்துப் பிஞ்சு பிடித்துப் பருப்பதும் அதே மாதங்களில். "பெரிய மரம், அதுவே பார்த்துக்கும்" என்று விட்டுவிட்டால் நிஜமான பிஞ்சுகளே உதிரும். வாரம் ஒரு முறை, அடிமரத்தைவிட்டுத் தள்ளி, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் நன்றாக நனையும்படி விடுங்கள். மழைக்காலத்தில் நேர்மாறு. வேரில் நீர் தேங்குவதைப் பலா பொறுக்காது. காம்பவுண்டு முழுக்க சிமென்ட் போட்டு, மரத்தைச் சுற்றி மட்டும் ஒரு சதுரக் குழி விட்டால், மழைநீர் அத்தனையும் ஓடிவந்து நிற்பது அந்தக் குழியில்தான். நல்ல மரம் திடீரென்று இலை வாடிச் செத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

பசுமைமாறா மரம் என்பதால் இலை கொட்டாது என்று நம்பி நடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே பரப்பிவிட்டால் ஈரம் காக்கும்.

கடைசியாகப் பறிப்பு. பூவிலிருந்து பழமாக நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். தட்டிப் பார்த்து மட்டும் முடிவு செய்தால் பலமுறை பச்சைக்காயை இறக்கிவிடுவோம். முட்கள் கூர் மழுங்கி ஒன்றுக்கொன்று விலகியிருக்கின்றனவா, காம்பை ஒட்டிய கடைசி இலை மஞ்சளாகிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் இருந்து, தட்டும்போது சத்தமும் மந்தமாகக் கேட்டால் இறக்கலாம். மரத்திலேயே மணக்கும்வரை விட்டால் அணிலும் வௌவாலும் முந்திக்கொள்ளும். காம்போடு வெட்டி, பால் வடியும்வரை காம்புப் பக்கம் கீழாகச் சாய்த்து வையுங்கள். பழுக்கவைக்கும்போது முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிர் தாக்கினால் தோல் கறுக்கும், சுளையில் மணமும் வராது. சமையலறை மூலையில் ஒரு சாக்கின் மேல் வைத்தால் ஒரு வாரத்துக்குள் வீடே மணக்கும்.