பிரிட்டன் தேர்தல் முடிவைக் காரைக்குடியில் உட்கார்ந்து படிப்பது எப்படி?

பிள்ளைகள் பிரிட்டனில் படிக்கிற, வேலை பார்க்கிற வீடுகள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உண்டு. அங்கே தேர்தல் என்றால் "யார் ஜெயிச்சது?" என்பதோடு விட்டுவிடுகிறோம். அந்த நாடு எங்கே ஒட்டி நிற்கிறது, எங்கே பிளந்து கிடக்கிறது என்பது ஜெயித்த கட்சியின் பெயரில் தெரியாது. அதற்குக் கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும்.

நோட்டில் நாலு பத்தி போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள நாடாளுமன்ற இடங்களை எழுதுங்கள்: இங்கிலாந்து 543, ஸ்காட்லாந்து 57, வேல்ஸ் 32, வட அயர்லாந்து 18. மொத்தம் 650. நாலையும் கலந்து எழுதினால் பிளவு மறைந்துபோகும். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்னவர்கள் மொத்தத்தில் 51.9%. ஸ்காட்லாந்திலோ 62% பேர் உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். வட அயர்லாந்துப் பத்தியில் கட்சிகளே வேறு. அங்கே 2024 தேர்தலில் 7 இடம் பிடித்த, அயர்லாந்தோடு சேர விரும்பும் சின் ஃபெயின் கட்சி நாடாளுமன்றத்துக்குள் போவதே இல்லை. அதனால் பெரும்பான்மைக்கு நடைமுறையில் 326 (650-இல் பாதியும் ஒன்றும்) தேவைப்படாது.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் உண்டு. நம் வளவு வீட்டில் வேறு வைத்த புள்ளிகள் (ஒரே வீட்டுக்குள் தனிக்குடித்தனம் நடத்தும் குடும்பங்கள்) மாதிரி: தலைவாசல் ஒன்று, அடுப்பு தனி. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அந்தந்த அரசின் பொறுப்பு. ராணுவமும் வெளியுறவும் லண்டன் கையில். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆஸ்பத்திரியின் குறையை லண்டன் பிரதமர் தலையில் எழுதாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு கட்சிக்கும் வாக்கு சதவீதம் ஒரு பக்கம், இடங்கள் எதிர்ப்பக்கம். முக்கியமான வேலை இதுதான். 2024-இல் தொழிற்கட்சிக்கு 33.7% வாக்கு, 411 இடம். ரிஃபார்ம் கட்சிக்கு 14.3% வாக்கு, 5 இடம்தான். அதைவிடக் குறைவாக 12.2% வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72. வாக்கு ஊரெல்லாம் சிதறினால் இடம் வராது. சில வட்டாரங்களில் குவிந்தால் வரும்.

ஒரு தொகுதியையாவது பிரித்துப் பாருங்கள். தென்மேற்கு நார்ஃபோக்கில் தொழிற்கட்சி 11,847, கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 11,217, ரிஃபார்ம் 9,958. வலதுசாரி வாக்கு டிரஸுக்கும் ரிஃபார்முக்கும் உடைந்தது, 630 வாக்கில் இடம் கைமாறியது. நம்மூர் போல அங்கே தேர்தலுக்கு முன்பே கூட்டணி பேசித் தொகுதி பிரித்துக்கொள்கிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் டிரஸ் வாக்கையும் ரிஃபார்ம் வாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவிடக் கூடாது. ரிஃபார்ம் நிற்காவிட்டால் அத்தனை பேரும் அவருக்கே போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இடத்தை மட்டும் பார்த்தால் வருகிற இன்னொரு தப்பு ஸ்காட்லாந்தில். ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்கிற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 2019-இல் 48 இடம், 2024-இல் 9. பிரிவினை ஆசை போய்விட்டது என்று எழுதத் தோன்றும். அந்த 9 இடத்துக்குப் பின்னால் ஸ்காட்லாந்து வாக்கில் 30% இருக்கிறது.

வாக்குப்பதிவு அங்கே இரவு 10 மணிக்கு முடிந்ததும் கருத்துக்கணிப்பு வரும். நமக்குக் கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. அதற்காகக் கண்விழிக்க வேண்டாம், முற்பகலுக்குள் பெரும்பாலான தொகுதிகள் வந்துவிடும்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். முறையான விசாவில் அங்கே வசிக்கிற, 18 வயதான இந்தியக் குடிமக்களுக்கும், மாணவர் உட்பட, வாக்கு உண்டு. காமன்வெல்த் நாட்டவர் என்பதால். தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன்பே பெயர் பதிய வேண்டும். வாக்குச்சாவடியில் காட்ட இந்தியப் பாஸ்போர்ட் போதும்.