விண்டோஸ், உபுண்டு, மேக்: மூன்றையும் ஒரே வைஃபையில் பேச வைப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு இரண்டே அறை. மனைவியின் லேப்டாப் விண்டோஸ் 11, என் பழைய டெஸ்க்டாப் உபுண்டு, வேலை தேடி வந்து தங்கியிருக்கும் மச்சான் கையில் மேக்புக். போன மாதம் வரை கல்யாணப் படங்கள் பென்டிரைவில்தான் அறை விட்டு அறை போயின.

அது தேவையே இல்லை. கோப்புகளைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற நெறிமுறை மற்ற இரண்டுக்கும் புரியும். உபுண்டுவின் அடித்தளமான லினக்ஸுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது சாம்பா என்ற மென்பொருள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-ல் வெளியிட்டது. எஸ், எம், பி வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயராம்!

முதலில் விண்டோஸ். செட்டிங்ஸில் உங்கள் வைஃபையை 'பிரைவேட்' ஆக்குங்கள். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர். அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஐபிவி4 வரியில் ஓர் எண் வரும்; அதுதான் நெட்வொர்க்கில் அந்த லேப்டாப்பின் முகவரி. எங்களுக்கு 192.168.1.5.

உபுண்டுவில் ஃபைல்ஸ் திறந்து கண்ட்ரோல்+எல் அழுத்தி, எஸ்எம்பி://192.168.1.5 என்று கொடுங்கள் (எழுத்துகள் ஆங்கிலத்தில்). மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட்+கே, அதே முகவரி.

இங்கேதான் நான் அரை மணி நேரம் முட்டிக்கொண்டேன். பயனர் பெயர், கடவுச்சொல் கேட்டது. மனைவி தினமும் தட்டும் நான்கு இலக்கப் பின்னைக் கொடுத்தேன். திரும்பத் திரும்பத் தவறு என்றது. பின் எண் அந்த லேப்டாப்புக்குள் மட்டும்தான் செல்லும். நெட்வொர்க்கில் கேட்பது கணக்கின் உண்மையான கடவுச்சொல். மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் அந்த மின்னஞ்சலும் அதன் கடவுச்சொல்லும். "அது யாருக்குங்க ஞாபகம் இருக்கு?" என்றாள். கடவுச்சொல்லை மாற்றி அமைத்தோம், திறந்துகொண்டது.

மச்சானுக்கு அப்போதும் வரவில்லை. அவன் எண் 192.168.0 என்று தொடங்கியது. இன்டர்நெட் கம்பெனி வைத்த பெட்டியில் ஒரு வைஃபை, நான் வாங்கிய ரவுட்டரில் இன்னொன்று. அவன் வேறொன்றில் இருந்தான். எல்லாக் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். கெஸ்ட் வைஃபை வேண்டாம். பெரும்பாலும் அது கணினிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது.

கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழும்போது எண் மாறிவிடலாம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் விண்டோஸ் லேப்டாப்புக்கு அந்த எண்ணை நிரந்தரமாக்கிவிடுங்கள்.

சரி, இன்னொன்று: உபுண்டுவில் 'ரிசப்ஷன் 7:30' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தால் நகலெடுக்கும் முன் மாற்றிவிடுங்கள். பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது.