பெயரை மறைத்துவிட்டு வீட்டைக் காட்டாதீர்கள்: பாலியல் வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பிளஸ் ஒன் மாணவி. அப்பா பேருந்து நிலையம் எதிரே தையல்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள்.” இப்படி எழுதிவிட்டு, அடியில் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போட்டால் என்ன மறைந்தது? அந்த ஊர்க்காரர்களுக்குப் பெயர் தேவையே இல்லை. தையல்கடை என்றதுமே வீடு தெரிந்துவிடும்.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை; பாதிக்கப்பட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எதையுமே வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அபராதமும் உண்டு. 2024 ஜூலைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ என்று இருந்ததும் இதே விதிதான். 18 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியே தடுக்கிறது. முகத்தை மங்கலாக்கிப் போடும் வீடியோக்களில் குரல் அப்படியே கேட்கிறது, பின்னால் வீட்டு வாசல் தெரிகிறது. அதுவும் அடையாளம்தான்.

“இதெல்லாம் பத்திரிகைக்காரர்களுக்கு” என்று நினைப்பது அடுத்த தவறு. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சமூக ஊடகத்தையும் சேர்த்தே சொன்னது. இறந்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பெண் கொல்லப்பட்டதும் கோபத்தில் அவர் படத்தையே முகப்புப் படமாக வைக்கிறோம், பெயரை ஹேஷ்டேக் ஆக்குகிறோம். நோக்கம் நியாயமானது, செயல் தவறு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவர் கொலை வழக்கில், பரவிய பெயரையும் படங்களையும் எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கும்படி உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

எஃப்.ஐ.ஆர். பகிர்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது பொதுவிதி; பாலியல் குற்ற வழக்குகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. அதில் பெயர், முகவரி, அன்று நடந்தது எல்லாம் இருந்தன. ‘உண்மை வெளியே வரட்டும்’ என்று அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களில் எத்தனை பேர், தங்கள் வீட்டுப் பெண்ணின் வாக்குமூலமாக இருந்தால் அனுப்பியிருப்பார்கள்? சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. 2019-ல் பொள்ளாச்சி வழக்கிலும், போலீஸ் தரப்பிலிருந்தும் அரசாணையிலும் பெயர் வெளியானதற்காக மதுரைக் கிளை அதே 25 லட்சத்தைச் சொல்லியிருந்தது. பணத்தைக் கொடுத்துவிடலாம், ஊருக்குத் தெரிந்துவிட்ட பெயரைத் திரும்ப வாங்க முடியாது.

பெயரின் மேல் மொபைலில் கறுப்புக் கோடு போட்டு அனுப்புவதும் வேண்டாம். கோடு லேசாக இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டினாலே எழுத்து தெரிகிறது.

சரி, பாதிக்கப்பட்டவரின் குடும்பம் எங்கே சறுக்குகிறது? ‘புகார் கொடுத்தால் பெயர் பேப்பரில் வந்துவிடும்’ என்று புகாரே கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு. மேலே சொன்ன சட்டமெல்லாம் அந்தப் பயத்துக்காகவே வந்தது. அப்புறம், போலீஸ் என்ன சொன்னாலும் தலையாட்டுவது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அந்தக் குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும், அவர் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பதவியில் இருக்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது, மஃப்டியில்தான் வர வேண்டும். தெருவில் ஜீப்பும் காக்கிச்சட்டையும் நின்றால், யாரும் வாய் திறக்காமலே செய்தி பரவிவிடும் அல்லவா? இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது. இதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள், கேட்பதால் வழக்கு கெட்டுவிடாது.

மருத்துவப் பரிசோதனையில், முன்பே உறவு கொண்டவரா என்று பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் ‘இரு விரல் சோதனை’க்கு உடன்பட வேண்டியதில்லை. அது அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-ல், அதைச் செய்பவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி ஆவார் என்றும் சொன்னது. பழைய உறவுகளைப் பற்றிய கேள்விகளுக்கும் இதே கதைதான். சம்மதம் இருந்ததா என்பதை முடிவு செய்ய அவை சட்டப்படி பொருத்தமற்றவை.

ஆதாரத்துக்காக போனைக் கொடுத்தால், கைப்பற்றியதற்கான மகஜர் (போலீஸ் எழுதும் பதிவு) நகலைக் கேட்டு வாங்குங்கள். வீடு தேடி வரும் உறவினர், வார்டு பிரமுகர், டிவி நிருபர் என்று ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்ல வைக்காதீர்கள். விசாரணை அதிகாரி, மாஜிஸ்திரேட், மருத்துவர், வழக்கறிஞர் இவர்கள் போதும்.

பெயர் ஏற்கெனவே வெளியாகிவிட்டதா? கண்டிப்பதற்காகக்கூட அந்தப் பதிவை மறுபடி பகிராதீர்கள். பதிவின் முகவரி, நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அந்தத் தளத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள். விசாரணை அதிகாரிக்கும் சைபர் கிரைம் பிரிவுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.