ஜெர்மானியம் லேபில் ஆற்றல் இடைவெளி சரியாக வர

ஃபோர் புரோப் முறையில் (நான்கு ஊசிமுனைகளைப் படிகத்தின் மேல் வைத்து, வெளி இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தம் அளப்பது) ஜெர்மானியப் படிகத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் பிணைப்பிலிருந்து விடுபட்டு மின்சாரம் கடத்தத் தேவையான ஆற்றல், காணப் போகிறவர்களுக்கு: சூடேறும்போது ரீடிங் எடுக்காதீர்கள். ஓவனை உச்சத்துக்குக் கொண்டுபோய் அணைத்துவிட்டு, ஆறும்போது எடுங்கள். ஏறுகையில் தெர்மாமீட்டர் ஒன்று காட்டும், படிகம் வேறொன்றில் இருக்கும்.

அந்தச் சின்ன வித்தியாசம் இங்கே ரொம்பப் படுத்தும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும், அவ்வளவுதான். ஜெர்மானியம் போன்ற தூய குறைக்கடத்தியில் கதையே தலைகீழ்: வெப்பம் ஏற ஏறப் பிணைப்புகள் அறுந்து எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடம்) ஜோடியாகக் கிளம்பும், கடத்துதிறன் மடமடவென்று ஏறும். தூய சிலிக்கானில் அறை வெப்பநிலையை ஒட்டி, ஏறத்தாழ 9 டிகிரிக்கு ஒருமுறை இவற்றின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது.

வரைபடத்தில் எக்ஸ் அச்சுக்குக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழி (1/T), ஒய் அச்சுக்கு மின்தடை எண்ணின் (ரெசிஸ்டிவிட்டி) லாக். குறைந்த வெப்பநிலைப் பக்கம் கோடு வளைந்தால் பதறாதீர்கள், அது படிகத்தில் மிச்சமிருக்கும் மாசின் வேலை. செங்குத்தான நேர்ப்பகுதியை மட்டும் எடுங்கள். சாய்வைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்கிவிட்டு, இன்னொரு 2-ஆலும் பெருக்குங்கள் (10 அடிமான லாக் என்றால் 2.303-உம் சேரும்). 0.7 எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரவேண்டியது 0.35 என்று வந்தால், அந்த 2 விட்டுப்போயிருக்கிறது.